கழிக்காத பதினேழு

"நாலு," என்றான் மோகனராஜ், சிக்கந்தரின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிப்பவன்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

கடைக்காரர் சிக்கந்தர் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தபடி இன்னொரு தடவை உதட்டுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். "இல்லையே அண்ணே. எனக்கு இருபத்தொண்ணுல்ல வருது."

ஜெலுத்தோங் பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. வெள்ளிக்கிழமை மாலை, மழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் இரைச்சலில் பக்கத்து மேசைப் பேச்சுகூடக் காதில் விழவில்லை. மேசையில் மோகனராஜும் அவனோடு ஒரே பள்ளியில் படித்த சுகுமாரனும் இப்ராஹிமும். வாரம் தவறாமல் இங்கே கூடுகிறவர்கள். சுகுமாரன் தொழிற்சாலையில் மேலாளர் ஆகிவிட்டான். இப்ராஹிமுக்கு இரண்டு துணிக்கடை. மோகனராஜ் மட்டும் நாற்பத்தெட்டு வயதிலும் ஜுருவில் ஒரு கார் உதிரிபாகக் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். இந்த மேசையில் அவனுக்கென்று இருந்த மரியாதை எல்லாம் அந்த ஒரு வித்தைதான்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓர் எண்ணை நினை. இரட்டிப்பாக்கு. எட்டைக் கூட்டு. பாதியாக்கு. முதலில் நினைத்ததைக் கழி. யார் எதை நினைத்தாலும் மிச்சம் நாலுதான். கூட்டச் சொன்ன எட்டில் பாதி. நினைத்த எண் வந்த வழியே வெளியே போய்விடும். மனத்தைப் படிக்கிறவன் என்று பள்ளிக்கூட நாளில் எடுத்த பெயரை இன்னும் சுமந்து திரிகிற மோகனராஜுக்கு, இத்தனை வருஷத்தில் ஒருவர் மனத்தில் இருந்த எண்ணாவது தெரியுமா என்றால், தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே அவனுக்கு இருந்ததில்லை. நண்பர்கள் இருவருக்கும் சங்கதி தெரியும். புதிய ஆள் ஒருவர் வாயைப் பிளப்பதை வேடிக்கை பார்ப்பதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம்.

"பாய், கணக்குல எங்கேயோ கோட்டை விட்டுட்டீங்க," என்றான் சுகுமாரன். "இருங்க, நான் போட்டுக் காட்டுறேன்." விரலை மேசையில் தட்டித் தட்டிப் போட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. "டேய், எனக்கும் இருபத்தொண்ணு வருதுடா."

இப்ராஹிம் கைப்பேசியை எடுத்தான். கவனமாக ஒவ்வொன்றாக அமுக்கினான். திரையைத் திருப்பிக் காட்டினான். இருபத்தொன்று.

"நீ என்ன நம்பர் நினைச்ச?" என்று கேட்டான் மோகனராஜ். கேட்டபிறகுதான் அவனுக்கு உறைத்தது, இதை அவன் யாரிடமும் இதுவரை கேட்டதில்லை.

"அம்பது. நூறாச்சு, நூத்தியெட்டாச்சு, பாதி அம்பத்துநாலு. அதுல அம்பது போனா..." இப்ராஹிம் திரையை உற்றுப் பார்த்தான். "என்னலா இது. முப்பத்துமூணைக் கழிச்சிருக்கேன். அம்பதுன்னு நினைச்சுக்கிட்டேதான் அமுக்கினேன். கை முப்பத்துமூணுன்னு அமுக்கியிருக்கு."

சிக்கந்தர் நினைத்தது இருபது. கழித்தது மூன்று. சுகுமாரன் நினைத்தது முப்பது. கழித்தது பதின்மூன்று. மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல ஆளுக்குப் பதினேழைக் கழிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று மூவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சுகுமாரன்தான் கடைசியில் சிரித்துச் சமாளித்தான். "மூணு பேருக்கும் வயசாயிடுச்சுலா," என்றான்.

மோகனராஜ் சிரிக்கவில்லை. பதினேழு என்று கணக்கு வந்ததும் அவன் எழுந்துவிட்டான். தே தாரிக் தேநீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, மழை விடுவதற்குள் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வீடு ஒன்பதாவது மாடியில். நடைபாதையில் இரண்டு பக்கமும் தீபாவளிக்கு முறுக்கு சுடுகிற எண்ணெய் வாசம் அடித்தது. அவன் வீட்டு வாசலில் மட்டும் ஒன்றுமில்லை. அவன் மனைவி ருக்குமணி போய் மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை, பலகாரம் இல்லை, வாசலில் கோலம்கூட இல்லை. கதவைத் திறந்தால் தரை கழுவிய ஈர வாசமும், அதற்கு அடியில், எத்தனை தடவை கழுவினாலும் போகாத அந்தப் பச்சைத் தைலத்தின் வாசமும் வந்தன. கடைசி நாட்களில் வலிக்கு அவள் பூசிக்கொண்டது.

"தலையைத் துவட்டுங்கப்பா. சளி பிடிக்கும்," என்றாள் மகள் காமினி, துண்டை நீட்டி. இருபத்திரண்டு வயது. மருந்துக் கடையில் வேலை. அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஆறு மாதமும் அவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், இரவெல்லாம் கால் பிடித்துவிட்டாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அவள் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா உடம்பைப் பத்தி உங்ககிட்ட முன்னாடியே ஏதாச்சும் சொன்னாங்களாப்பா?" இவன், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலம்மா," என்றான். அது பொய்யில்லை. அந்தப் பொய்யில்லாத பதிலின்மேல்தான் அப்பாவும் மகளும் இன்று ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள். அது உடைந்தால் காமினி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், திரும்பியும் பார்க்க மாட்டாள். அவனுக்கு அவளை விட்டால் யாருமில்லை.

திங்கட்கிழமை கிடங்கில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கணக்குப் பிரிவில் வேலை செய்கிற ஐனாவிடம் முயன்று பார்த்தான். அவளுக்கு இது புதிது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னான். முடித்துவிட்டுத் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டாள். அந்த நொடியில் மோகனராஜுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனிதனுக்கு வரக்கூடாத யோசனை. கூடுதலாக வருவது எப்போதும் பதினேழுதானே, அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் என்ன?

"இருபத்தொண்ணு," என்றான்.

ஐனா தாளைக் கீழே போட்டுவிட்டாள். "எப்படிண்ணே? உண்மையிலேயே மனசைப் படிக்கிறீங்களா?" சுற்றி இருந்த நாலைந்து பேர் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தார்கள். இன்னொருவர் நினைத்தார், இருபத்தொன்று. இன்னொருவர், இருபத்தொன்று. யாரோ கைதட்டினார்கள். மோகனராஜுக்கு நெடுநாளைக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தது. செத்துப்போனவளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கைதட்டல் வாங்கியவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அன்று மாலை வீட்டில் அவன் தனியாக இருந்தான். காமினிக்கு எட்டு மணி வரை வேலை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழே எங்கோ பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்தும் சத்தம், நடைபாதையில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போகும் சத்தம், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் சீனத்தில் யாரோ அழும் சத்தம். இவற்றுக்கெல்லாம் நடுவில், சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து, மிக மெதுவாக இன்னொரு சத்தம்.

சரக்.

காய்ந்த தோல் காய்ந்த தோலில் உரசும் சத்தம். வருஷக்கணக்கில் சவர்க்காரத் தண்ணீரில் வெந்து சொரசொரத்துப்போன கட்டைவிரல்.

சரக். சரக். சரக்.

அவன் எண்ண வேண்டாம் என்று நினைத்தான். எண்ணினான். நாலு முடிந்ததும் சின்ன இடைவெளி. மறுபடியும் நாலு. மறுபடியும். பதினாறு. அப்புறம் நின்றது. நீண்ட அமைதி. பிறகு, தனியாக, ஒன்றே ஒன்று.

சரக்.

எழுந்து போய்த் திரையை இழுத்தான். அடுப்பு, கழுவும் தொட்டி, கவிழ்த்த சட்டிகள். யாரும் இல்லை. தைல வாசம் மட்டும் மூக்கை அடைத்தது.

வீட்டில் அப்படி எண்ணுகிறவள் ஒருத்திதான் இருந்தாள். சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி, விரலுக்கு நாலு என்று கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனால் ஒரு கைக்குப் பதினாறு. பால்காரனின் நாட்களில் இருந்து பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் தேதி வரை ருக்குமணி எல்லாவற்றையும் அப்படித்தான் எண்ணினாள். காமினி அதைக் கிண்டல் செய்வாள். அவளுக்கு எல்லாம் கைப்பேசிதான்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். போன தீபாவளியை நினைக்கக்கூடாது என்று ஒரு வருஷமாக இருந்தவன், அன்று நினைத்தான்.

போன தீபாவளிக்கு இதே வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. கிடங்கு ஆட்கள், அண்டை வீட்டார், நண்பர்கள் என்று உட்கார இடமில்லாத கூட்டம். மோகனராஜ் நடுக்கூடத்தில் நின்று எல்லாரையும் ஒரே சமயத்தில் எண் நினைக்கச் சொன்னான். ருக்குமணி கறிச்சட்டியோடு சமையலறை வாசலில், இந்தத் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். யாரோ, "அக்கா, நீங்களும் ஒண்ணு நினைங்க," என்றார்கள். அவள் ஒருநாளும் இந்த விளையாட்டில் சேர்ந்தவள் இல்லை. அன்று சட்டியைக் கீழே வைத்தாள். கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலைச் சுண்டுவிரல் அடியில் வைத்து நகர்த்தத் தொடங்கினாள். பதினாறு. வலது கை முடிந்தது. இடது கையில் ஒன்று. அதோடு நிறுத்திவிட்டு அந்தக் கையை மெதுவாக வலது அக்குளுக்குக் கீழே கொடுத்துக்கொண்டாள், அங்கே எதையோ மறைத்துப் பிடித்திருப்பவள்போல.

பதினேழு.

அவள் நினைத்தது என்னவென்று அவனுக்குத் தெரியும். அதுதான் அதில் உள்ள கொடுமை. வாழ்க்கையில் அன்று ஒரே ஒரு நாள்தான் அவன் ஒருவர் மனத்தை உண்மையாகவே படித்தான். அதற்குப் பத்து நாளுக்கு முன்னால், வீட்டுச் சாவியைத் தேடி அவள் கைப்பையைத் துழாவியபோது அரசாங்க மருத்துவமனைச் சீட்டு ஒன்று கையில் அகப்பட்டது. மார்பில் கட்டி. பதினேழாம் தேதி பரிசோதனை. துணைக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும். அவன் அதை மடித்து, இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்தான். அதே பதினேழாம் தேதி நண்பர்களோடு எல்லை தாண்டி ஹாட்ஜாய்க்கு உல்லாசமாகப் போக விடுதியில் அறை போட்டிருந்தது. அவளாகச் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். சொல்லாமலே இருந்துவிட்டால் நல்லது என்றும் இருந்தான்.

அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எதையும் கேட்டு வாங்கத் தெரியாத பெண். ஊரெல்லாம் மனத்தைப் படிக்கிறவன் என்கிறார்களே, ஒருவேளை படித்துவிடுவானோ என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். இரட்டிப்பாக்கினாள், எட்டைக் கூட்டினாள், பாதியாக்கினாள்.

"இப்ப நினைச்சதைக் கழிச்சிடுங்க," என்றான் அவன், எல்லாரையும் பார்த்து.

"என்னங்க," என்றாள் அவள், மெல்ல. "நான் என்ன நினைச்சேன்னு..."

"அட, கழிச்சிடு ருக்கு. எல்லாருக்கும் நாலு!" என்று அவன் கத்தினான். வீடே கைதட்டியது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பதினேழாம் தேதி அவன் ஹாட்ஜாயில் இருந்தான். மகளிடமும் சொல்லாமல், துணைக்கு ஆளில்லாமல் அவளும் மருத்துவமனைக்குப் போகவில்லை. அடுத்த தேதி கிடைக்க மூன்று மாதம் ஆனது. அதற்குள் அது எலும்புவரை போய்விட்டது.

தீபாவளி அன்று காலை பத்து மணிக்கெல்லாம் சுகுமாரனும் இப்ராஹிமும் வந்துவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்பதால் சுகுமாரன் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் ஆட்டுக்கறியும் ஒரு டின் முறுக்கும் வந்திருந்தன. காமினி தட்டு எடுக்க உள்ளே போனாள். மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சன்னல் வழியாக வந்து ருக்குமணியின் படத்துக் கண்ணாடியில் விழுந்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சமாக நின்றது.

"வீடு என்னடா இப்படிச் செத்துக் கிடக்கு," என்ற சுகுமாரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பேச்சை மாற்ற அவனுக்கு அதுதான் அகப்பட்டது. "சரி, அந்த நம்பர் விஷயம் என்னாச்சு? நாலா, இருபத்தொண்ணா? இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்லா."

"வேணாம்டா."

"ஒரே தடவை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல," என்றான் இப்ராஹிம். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

மோகனராஜ் மறுத்திருக்கலாம். ஆனால் ஐனாவின் கையிலிருந்து தாள் விழுந்த நொடி அவனுக்குள் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. சொன்னான். நினைங்க. இரட்டிப்பாக்குங்க. எட்டு. பாதி. கழிங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் சமையலறையில் தட்டுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசிச் சொல்லில் அது முற்றிலும் நின்றது.

"இருபத்தொண்ணு," என்றான்.

சுகுமாரன் முகம் மலர்ந்தது. "இல்லடா. நாலு. பழையபடி நாலு."

"எனக்கும் நாலுதான்," என்றான் இப்ராஹிம், மூச்சை விட்டு. "அல்ஹம்துலில்லா."

ஒரு மூச்சு நேரம் மோகனராஜுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கழித்துவிட்டாள். போய்விட்டாள். முடிந்தது.

சரக்.

தைல வாசம்.

அவன் திரும்ப விரும்பவில்லை. நண்பர்கள் இருவரும் அவன் தோளுக்குமேல் சமையலறை வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள். சுகுமாரன், "என்னம்மா, நீயும் கணக்குப் போடுறியா?" என்றான்.

திரும்பினான்.

திரைக்குப் பக்கத்தில் காமினி. தட்டுகள் தரையில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி. வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கைப்பேசி இல்லாமல் ஏழையும் எட்டையும் கூட்டாத பெண். கட்டைவிரல் மோதிர விரலில் ஏறிக்கொண்டிருந்தது. நடுவிரல். ஆள்காட்டி விரல். மருந்துக் கடையில் குளிர்சாதனத்துக்கு அடியில் வேலை பார்க்கிற இளம் கை. அது சொரசொரவென்று உரசியது.

பதினாறு.

கை மாறியது. இடது சுண்டுவிரலின் அடிக்கணு. ஒன்று.

நின்றது.

"காமினி," என்றான்.

அவள் கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. பிறந்ததிலிருந்து அவனை அப்பா என்று தவிர வேறெப்படியும் கூப்பிடாதவள்.

"என்னங்க," என்றாள். "நான் என்ன நினைச்சேன்?"

சுகுமாரனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. இப்ராஹிம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். கீழே வெடி வெடித்துக்கொண்டிருந்தது.

காமினியின் இடது கை தாழ்ந்தது. மெதுவாக, தயங்கித் தயங்கி, அக்குளுக்குக் கீழே போனது. அங்கே எதையோ தேடியது. கண்டுபிடித்தது. அழுத்தியபோது அவள் முகம் வலியில் சுருங்கியது. சுருங்கிய முகம் காமினியின் முகம்தான். இருபத்திரண்டு வயது முகம். அந்த வலி அவளுடைய சொந்த வலி.

"சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும். ஒரே ஒரு சொல். சொன்னால் மகள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும், ஒரு முறை பார்த்தவன்தானே. நண்பர்கள் இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தான். பதினேழு என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அவன் சொல்லத்தான் நினைத்தான்.

"நாலு," என்றது அவன் வாய்.

அவள் ஒரு கணம் நின்றாள். போன வருஷம் நின்றதுபோலவே. அப்புறம் தலையை லேசாக ஆட்டிக்கொண்டாள். இடது கையை இருந்த இடத்திலிருந்து எடுக்காமல் வலது கையை மறுபடி தூக்கினாள். சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.